கடல்நாயும் அதன் கொழுப்பும்

கடல்நாய் என்றதும் நம்மில் பலருக்கு வேறு இரண்டு பிராணிகள் நினைவுக்கு வரும். ஒன்று, காவிரியில் மீன் பிடித்துத் தின்னும் நீர்நாய். மற்றொன்று, பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு. இவ்விரண்டும் கடல்நாய் அல்ல. நீர்நாய்க்கு நான்கு கால்கள் உண்டு. கரையில் நன்றாக ஓடும். ஆவுளியா கரைக்கு வருவதே இல்லை. அதன் உறவுமுறை யானையோடு. கடல்நாயோ ஊனுண்ணிக் குலத்தைச் சேர்ந்தது. நாய், கரடி, கீரி ஆகியவற்றின் தூரத்து உறவினனாகிய அது, இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே நிலத்தை விட்டுக் கடலுக்குக் குடிபெயர்ந்து, ஆனாலும் நிலத்தை முற்றும் துறக்காமல் வாழ்ந்து வருகிறது. இந்தியக் கரை எதிலும் அது வாழ்வதில்லை.

நம் கண்ணுக்கு எட்டாத பிராணியைப் பற்றி நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். விஞ்ஞானம் பயில்வோருக்கு அதனிடம் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வெப்ப இரத்தப் பிராணி ஒன்று உறையவைக்கும் கடலில் எவ்வாறு உயிர் வாழ்கிறது என்பது அதன் முதற்பகுதி. அப்படி வாழ உதவும் அதே பொருளின் வழியாக மனிதன் செய்த நஞ்சு அதன் உடலுக்குள்ளும், பிறவாத குட்டியின் விதிக்குள்ளும் புகுந்தது இரண்டாம் பகுதி. இரண்டு பகுதிகளிலும் தலைமைப் பாத்திரம் கொழுப்புக்கே.

கடல்நாய்களில் பல இனங்கள் உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது துறைமுகக் கடல்நாய். லின்னேயஸ் 1758இல் இதற்கு 'போக்கா விட்டுலினா' என்று பெயர் சூட்டினார். 'போக்கா' என்பது கடல்நாய். 'விட்டுலினா' என்றால் கன்றைப் போன்றது. ஆக, இலத்தீன் அறிஞர் இதில் கன்றைக் கண்டார். ஆனால் இப்பிராணியோடு அன்றாடம் பழகிய ஜெர்மானியர் 'ஸேஹுண்ட்' என்றனர். டச்சுக்காரர் 'ஸேஹோண்ட்' என்றனர். இரண்டுக்கும் பொருள் கடல்நாய்தான். தண்ணீருக்கு மேலே உருண்டைத் தலையையும் ஈரக் கண்களையும் நீட்டி அது நம்மைப் பார்க்கும் படத்தைக் கண்டவர்கள், கன்றைவிட நாயே பொருத்தம் என்று ஒப்புக்கொள்வார்கள்.

கடல்நாய் வேறு, கடற்சிங்கம் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கஸில் மூக்கின்மேல் பந்தை நிறுத்தி வித்தை காட்டியது கடற்சிங்கம். அதற்குச் சிறிய காதுமடல் உண்டு. பின்கால்களை முன்பக்கம் மடக்கி ஊன்றி நடக்கும். நம் கடல்நாய்க்குக் காதுமடல் இல்லை. துளை மட்டும் உண்டு. பின்கால்கள் எப்போதும் பின்னோக்கியே நீண்டிருக்கும். ஆகவே தரையில் அதனால் நடக்க முடியாது. கம்பளிப்புழுவைப் போல வயிற்றால் உந்தி உந்தித்தான் நகரும். தண்ணீரில் அதே பின்கால்கள் மீனின் வாலைப் போலப் பக்கவாட்டில் வீசி அதைச் செலுத்துகின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ராக்போர்ட் என்னும் துறைமுக ஊரில் ஆண்ட்ரே என்ற துறைமுகக் கடல்நாய் 1961 முதல் 1986 வரை ஊராரின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 1994இல் அதன் கதையைத் திரைப்படமாக எடுத்தவர்கள், கதாநாயகன் வேடத்தை ஒரு கடற்சிங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்! விலங்கு நூல் படித்தவர் அந்தப் படத்தை வாய் திறவாமல் பார்த்து முடிப்பது கடினம்.

வட அட்லாண்டிக், வட பசிபிக் ஆகிய இரு பெருங்கடல்களின் கரைகளிலும் இவ்வினம் பரவியிருக்கிறது. கனடாவின் க்யூபெக் மாகாணத்தில், கடலைக் காணாமல் ஏரியிலேயே வாழும் ஒரு சிறு கூட்டமும் உண்டு. வளர்ந்த கடல்நாய் ஏறத்தாழ ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் மீட்டர் நீளம், 60 முதல் 130 கிலோகிராம் வரை எடை இருக்கும். ஆண் சற்றுப் பெரியது. பெண்ணுக்கு ஆயுள் அதிகம். 30 ஆண்டுகள் வாழ்வதும் உண்டு. சாம்பல் அல்லது பழுப்பு நிறத் தோலில் புள்ளிகளும் வளையங்களும் சிதறிக் கிடக்கும். இரண்டு கடல்நாய்களின் புள்ளிகள் ஒரேமாதிரி இருப்பதில்லை. ஆராய்ச்சியாளர் புகைப்படம் எடுத்து, புள்ளிகளை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுவிடுகிறார்கள்.

இனி, இதன் வாழ்க்கையை ஓரிடத்தில் நிறுத்திப் பார்ப்போம். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் வட கடற்கரையை ஒட்டி ஆழமற்ற ஒரு கடற்பரப்பு நீண்டு கிடக்கிறது. வாடன் கடல் என்று பெயர். கடலுக்கும் கரைக்கும் நடுவில் வரிசையாகத் தீவுகள் காவல் நிற்க, உட்பக்கத்தில் சேறும் மணலும் கலந்த சமவெளி. நாளொன்றுக்கு இருமுறை ஓதம் ஏறி இச்சமவெளியை மூடுகிறது. இருமுறை வற்றி வெளிக்காட்டுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். நீர் வற்றும் சில மணி நேரத்துக்கு மட்டும் மணல்திட்டுகள் தலைகாட்டும். கடல்நாய்கள் அவற்றின்மேல் ஏறிப் படுத்து ஓய்வெடுக்கும். நீர் ஏறினால் மீண்டும் கடல். அவற்றுக்கு நிலம் என்பது சில மணி நேரச் சத்திரம்.

இந்தச் சத்திரத்தில்தான் பிரசவமும் நடைபெறுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தாய் மணல்திட்டில் ஏறி ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. சிறிது நேரத்தில் தொட்டிலே நீரில் மூழ்கிவிடும்! ஆகவே பிறந்த அன்றே குட்டிக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவும் செய்கிறது. பனிக்கட்டியில் பிறக்கும் வேறு கடல்நாய் இனங்களின் குட்டிகள் வெண்ணிறப் பஞ்சுமயிரோடு பிறக்கின்றன. அது நனைந்தால் குளிர் தாங்காது. நம் துறைமுகக் கடல்நாயின் குட்டி அந்தப் பஞ்சுமயிரைக் கருப்பைக்குள்ளேயே உதிர்த்துவிட்டு, பெரியவர்களுக்கு உரிய குட்டைமயிரோடு வெளியே வருகிறது. ஓதத்தின் கணக்கு தாய்வயிற்றுக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

பிறக்கும்போது குட்டி சுமார் 10 கிலோகிராம் இருக்கும். மூன்று முதல் ஐந்து வாரம்தான் தாய்ப்பால். அதற்குள் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். இவ்வளவு விரைவான வளர்ச்சிக்குக் காரணம் பாலின் தன்மை. நம் எருமைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் இருக்கும். கடல்நாயின் பாலிலோ ஏறத்தாழப் பாதி கொழுப்பு! அது பால் என்பதைவிடக் கெட்டியான பாலேடு என்பதே தகும். இந்தக் கொழுப்பெல்லாம் தாயின் தோலுக்கடியிலிருந்து வருகிறது. பெரிய கடல்நாய் இனங்களில் தாய் பாலூட்டும் காலம் முழுதும் பட்டினி கிடந்தே ஊட்டிவிடும். நம் இனம் உருவில் சிறியது. அவ்வளவு சேமிப்பு அதனிடம் இல்லை. ஆகவே இடையிடையே குட்டியைத் தனியே விட்டு மீன்பிடிக்கப் போகிறது. அப்போது குட்டி அழும். ஜெர்மன் மொழியில் இத்தகைய குட்டிக்கு 'ஹாய்லர்', அதாவது ஊளையிடுவது, என்றே பெயர். குட்டியின் குரல் காற்றிலும் நீரிலும் ஒரே சமயத்தில் பரவுகிறது. தண்ணீருக்குள் இருக்கும் தாய்க்கும் கேட்கும். கரையில் உலாவ வந்தவர்களோ, 'ஐயோ, அநாதைக் குட்டி' என்று இரங்கி அதைத் தூக்கிச் சென்றுவிடுகிறார்கள். தாய் திரும்பி வரும்போது குட்டி இல்லை. இரக்கத்தால் அநாதையான குட்டிகள் பல. மனிதர் அருகில் நின்றாலே தாய் கரையேறாது என்பதால், காப்பாளர்கள் வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: தொடாதீர்கள், எட்டி நில்லுங்கள், உரியவர்களுக்குச் செய்தி சொல்லுங்கள்.

கொழுப்பைப் பற்றிச் சொன்னோம். அதன் தேவையைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நம்மைப் போலவே கடல்நாயின் உடல்வெப்பமும் 37 டிகிரி அளவில் நிற்கிறது. குளிர்காலத்து வட கடலின் நீர் 5 டிகிரிக்குக் கீழும் போகும். நீர், காற்றைவிட இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அந்த நீரில் நாம் விழுந்தால் சிறிது நேரத்தில் கைகால் விறைத்துவிடும். கடல்நாயோ ஆயுள் முழுதும் அதில் கிடக்கிறது. குட்டைமயிர் நனைந்துவிடுவதால் கம்பளியாக உதவாது. தோலுக்கடியில் சில சென்டிமீட்டர் தடிப்பில் போர்த்தியிருக்கும் கொழுப்பே கம்பளி. குளிர்காலத்தில் உடல் எடையில் கால்பங்குக்கு மேல் கொழுப்பாகவே இருப்பதுண்டு. துடுப்புக்கால்களில் கொழுப்பு குறைவு. அங்கே வேறொரு சூழ்ச்சி. உள்ளே போகும் சூடான இரத்தமும் திரும்பி வரும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் எதிரெதிராக ஓடுகின்றன. போகும் இரத்தத்தின் வெப்பத்தை வரும் இரத்தம் வாங்கிக்கொண்டு உடலுக்குள் திருப்பிவிடுகிறது. இன்றைய பொறியியல் மாணவர் வெப்பப் பரிமாற்றக் கருவி என்று படிப்பது இதைத்தான். மணல்திட்டில் நீர் ஏறத் தொடங்கும்போது கடல்நாய் தலையையும் பின்கால்களையும் உயரத் தூக்கி, உடலை வாழைப்பழம்போல் வளைத்துக்கொண்டு கிடக்கும். பார்ப்பவர் அதை விளையாட்டு என்று நினைப்பர். கொழுப்புப் போர்வை எட்டாத நுனிகளை நனையாமல் வைத்துக்கொள்ளும் வழி அது.

மூழ்கும் திறனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடநூல்களில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நாம் மூழ்குமுன் மூச்சை நிறைய இழுத்துக்கொள்கிறோம். கடல்நாய் அதற்கு மாறாக மூச்சை வெளியேவிட்டுத்தான் மூழ்குகிறது. அதன் பிராணவாயுக் களஞ்சியம் நுரையீரல் அன்று, இரத்தமும் தசையும். உடலளவுக்கு அதிகமான இரத்தம். தசையில் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் மிகுதி. மூழ்கியதும் இதயத்துடிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மூளை போன்ற இன்றியமையாத உறுப்புகளுக்கு மட்டும் இரத்தம் குறைவின்றிப் போகும். மற்றவை கையிருப்பில் காலம் தள்ளும். பெர் ஷோலண்டர் 1940இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதை முறையாக விளக்கினார். பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நிமிட மூழ்கல்களே இதற்குப் போதும். வாடன் கடலில் ஆழமும் அதிகமில்லை.

ஆனால் அந்தக் கலங்கல் நீரில் மீனைக் காண்பது எப்படி? சேறு கலந்த நீரில் ஒரு கை தூரத்துக்கு அப்பால் கண் தெரியாது. இரவில் அதுவும் இல்லை. கண் குருடான கடல்நாய்கள் கொழுகொழுவென்று வாழ்ந்ததையும் கண்டிருக்கிறார்கள். வௌவாலையும் ஓங்கிலையும் போல எதிரொலியைப் பயன்படுத்துகிறதோ என்று ஐயுற்று ஆராய்ந்தவர்கள் உண்டு. அதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. விடை மீசையில் இருந்தது.

ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் குயிடோ டென்ஹார்ட்டும் அவர் தோழர்களும் செய்த சோதனை 2001இல் வெளியாயிற்று. அதன் அழகு அதன் எளிமை. பழக்கிய ஒரு கடல்நாயின் கண்ணை மூடினார்கள்; காதுக்கு ஒலி புகாத கவசம் மாட்டினார்கள். பிறகு ஒரு சிறு பொம்மை நீர்மூழ்கியை நீரில் ஓடவிட்டார்கள். அது ஓடி முடிந்து இயந்திரம் நின்ற பிறகே காதுக் கவசத்தை எடுத்து, கடல்நாயைத் தேடவிட்டார்கள். ஆகவே பார்க்கவும் வழியில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை. நீர்மூழ்கி விட்டுச்சென்றது நீரில் ஒரு கலக்கம் மட்டுமே. கடல்நாய் மீசையை முன்னுக்கு விரித்துக்கொண்டு போயிற்று. கலக்கத்தின் தடத்தில் மீசை பட்டதும் சட்டென்று திரும்பி, வளைவு நெளிவெல்லாம் அப்படியே பின்பற்றி நீர்மூழ்கியைப் போய்ப் பிடித்தது. 40 மீட்டர் நீளத் தடத்தையும் பின்பற்றியது. மீசையைத் துணியுறையால் மூடியபோதோ அதனால் முடியவில்லை. சோதனை என்றால் இதுவல்லவா சோதனை! ஒவ்வொரு புலனாக அடைத்து, மிஞ்சியதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். நீந்திப்போன மீன் விட்டுச்செல்லும் சுழிகள் சில நிமிடம் நீரில் நிலைத்திருக்கும் என்பதால், மீன் கண்ணுக்கு எட்டாத தூரம் போன பின்னும் கடல்நாய் அதன் காலடியைப் படிக்கிறது. மண்ணில் மோப்பம் பிடிக்கும் வேட்டைநாய்க்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. ஆகவே கடல்நாய் என்ற பெயர் மறுபடியும் பொருந்துகிறது!

பௌதிகம் படிப்போருக்கு இதில் ஒரு கேள்வி எழவேண்டும். காற்றில் தந்திக் கம்பி இரைவதைக் கேட்டிருக்கிறோம். உருண்டையான எந்தக் கம்பியும் ஓடும் காற்றிலோ நீரிலோ நின்றால், அதன் பின்புறத்தில் இடமும் வலமும் மாறிமாறிச் சுழிகள் பிறந்து கம்பியைத் தாமே அதிரச் செய்யும். கடல்நாய் வேகமாக நீந்தும்போது அதன் மீசைமயிரும் அப்படி அதிர்ந்தால், மீனின் மெல்லிய சுழியை எங்ஙனம் உணரும்? இரைச்சலில் இரகசியம் கேட்குமா? 2010இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதற்கு விடை கூறியது. துறைமுகக் கடல்நாயின் மீசைமயிர் உருண்டை அன்று, தட்டையானது. அதுமட்டுமன்றி, நீளவாட்டில் அலையலையாகத் தடித்தும் மெலிந்தும் போகிறது. இந்த அலைவடிவம் சுழிகள் ஒழுங்காகச் சேர்ந்து அதிர்வைத் தூண்டாதபடி கலைத்துவிடுகிறது. வழவழப்பான மீசைமயிருடைய கடற்சிங்கத்தோடு ஒப்பிட்டால் தன்னதிர்வு பல மடங்கு குறைவு. குளிர்ந்த நீரிலும் மீசையின் அடிப்பகுதியை மட்டும் சூடாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. குளிரால் விறைத்த விரல் உணர்வு இழப்பதுபோல் மீசை இழப்பதில்லை.

இத்துணை நுட்பமான பிராணியை மனிதன் எப்படி நடத்தினான்? முதலில், பழைய முறைப்படி. மீன்வளத்தைத் தின்றுவிடும் பகைவன் என்று அரசுகளே தலைக்கு விலை வைத்துக் கொல்லச் செய்தன. தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் சுட்டார்கள். நெதர்லாந்தில் 1962இல் வேட்டை தடை செய்யப்பட்டது. ஜெர்மனியும் டென்மார்க்கும் 1970களில் அதே வழிக்கு வந்தன. தடை வந்ததும் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். நெதர்லாந்துப் பகுதியில் ஏறவில்லை. 1950இல் 3,000க்கு மேல் இருந்த கூட்டம், 1975இல் 500க்கும் கீழே போய்விட்டது. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் கூட்டம் ஏன் கரைகிறது?

பீட்டர் ரைண்டர்ஸ் என்னும் டச்சு விஞ்ஞானி இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். அவர் கண்ட முதல் குறிப்பு இது: மேற்கே, நெதர்லாந்துப் பகுதியில் குட்டிகள் பிறப்பது குறைந்திருந்தது, வடக்கே அவ்வாறில்லை. இரு பகுதிக் கடல்நாய்களின் உடல் திசுக்களையும் எடுத்துப் பல நச்சுப் பொருள்களுக்காகச் சோதித்தார். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை ஒன்றில் மட்டுமே தென்பட்டது. அது பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல், சுருக்கமாகப் பி.சி.பி. ஐரோப்பாவின் தொழிற்சாலைகள் நெருங்கிய பகுதிகளையெல்லாம் கழுவிக்கொண்டு வரும் ரைன் ஆற்றின் நீர் மேற்கு வாடன் கடலை வந்து சேர்கிறது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

வேதியியல் பயிலும் நண்பர்களுக்கு இப்பொருளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சில சொற்கள். இரண்டு பென்சீன் வளையங்கள் கைகோத்தது பைஃபீனைல். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் சிலவற்றின் இடத்தில் குளோரினை அமர்த்தினால் பி.சி.பி. குளோரின் அமரும் எண்ணிக்கையும் இடமும் மாறமாற 209 வகைகள் உண்டாகும். 1929 முதல் பேரளவில் செய்தார்கள். எளிதில் தீப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது, எளிதில் சிதையாது. ஆதலால் டிரான்ஸ்பார்மர்களுக்கும் மின்தேக்கிகளுக்கும் ஏற்ற எண்ணெய் என்று கொண்டாடினார்கள். சிதையாத குணமே பிறகு குற்றமாயிற்று. இது நீரில் கரையாது. கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆற்றில் கலந்த துளி நுண்ணுயிரில் ஏறுகிறது. நுண்ணுயிரைத் தின்ற சிறுமீனில் சேர்கிறது. சிறுமீனைத் தின்ற பெருமீனில் திரள்கிறது. நாள்தோறும் சில கிலோகிராம் மீன் தின்னும் கடல்நாயின் கொழுப்பில் வந்து அது குவிகிறது. வெளியேற வழியில்லை.

ஆனால் 'இரண்டும் ஒருங்கே காணப்பட்டன' என்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. இதை நாம் செய்முறை வகுப்பில் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறோம். ரைண்டர்ஸ் அதை மறக்கவில்லை. பெண் கடல்நாய்களை இரு குழுக்களாகப் பிரித்தார், குழுவுக்குப் பன்னிரண்டு. ஒரு குழுவுக்கு மேற்கு வாடன் கடலில் பிடித்த மீன். மற்றதற்கு வடகிழக்கு அட்லாண்டிக்கில் பிடித்த, மாசு குறைந்த மீன். மற்றவையெல்லாம் ஒன்றே. சுமார் இரண்டு ஆண்டுகள் இவ்வாறு வளர்த்து, இடையிடையே இரத்தம் எடுத்துச் சோதித்தார். 1986இல் முடிவு வெளியாயிற்று. அட்லாண்டிக் மீன் தின்ற பன்னிரண்டில் பத்து சூல்கொண்டன. வாடன் கடல் மீன் தின்ற பன்னிரண்டில் நான்கே சூல்கொண்டன. அவை பட்டினி கிடக்கவில்லை. நோயும் கண்ணுக்குத் தெரியவில்லை. தங்கள் வீட்டு மீனைத் தின்றன, அவ்வளவே.

கோளாறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பது இன்னும் நுட்பமானது. கடல்நாயின் சூலில் ஒரு விந்தை உண்டு. கோடையில், குட்டி பால்மறக்கும் காலத்தை ஒட்டித் தாய் மீண்டும் இணைகிறது. கரு உண்டானாலும் உடனே கருப்பைச் சுவரில் ஒட்டுவதில்லை. இரண்டரை மாத அளவு மிதந்தபடி காத்திருந்து, பிறகே ஒட்டி வளரத் தொடங்குகிறது. இந்தக் காத்திருப்பால்தான் ஆண்டுதோறும் அதே மாதத்தில், மணல்திட்டு இளவெயிலில் காயும் பருவத்தில், குட்டி பிறக்கிறது. ரைண்டர்ஸின் இரத்தச் சோதனைகள், கரு ஒட்ட வேண்டிய அந்தக் கட்டத்தையே சுட்டின. காத்திருந்த கரு ஒட்டாமலே போயிற்று.

சூல்கொண்ட தாய்க்கும் விடுதலை இல்லை. அல்லது கொடிய வகையில் விடுதலை உண்டு என்று சொல்ல வேண்டும். ஆண் கடல்நாயின் கொழுப்பில் நஞ்சு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். பெண்ணின் உடலில் அவ்வாறு ஏறுவதில்லை. ஏனெனில் பாலூட்டும்போது கொழுப்பு கரைந்து பாலாகிறது. கொழுப்போடு நஞ்சும் பாலில் இறங்கிவிடுகிறது. தாயின் பாரம் குறைகிறது. குட்டியின் வாழ்க்கை அந்தப் பாரத்தோடு தொடங்குகிறது. பல ஆண்டுகள் சேர்த்துவைத்ததை முதன்முதலில் பெறுவது தலைச்சன் குட்டி. பாதிக்குப் பாதி கொழுப்பான அந்தப் பாலைப் பற்றி மேலே வியந்து எழுதினேன். அதே பாலைப் பற்றித்தான் இப்போதும் எழுதுகிறேன்.

1988ஆம் ஆண்டு ஏப்ரலில், டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள ஆன்ஹோல்ட் தீவில் காலம் நிறையாத குட்டிகள் செத்துக் கிடந்தன. சில மாதங்களில் வட கடல் முழுதும் கடல்நாய்கள் மூச்சுத் திணறிக் கரையொதுங்கின. ஐரோப்பாவில் 18,000க்கு மேல் இறந்தன. வாடன் கடலில் பாதிக்கு மேற்பட்டவை போயின. காரணம் ஒரு புதிய வைரஸ். நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் நோயின் வைரஸுக்கு நெருங்கிய உறவு. 2002இல் அதே ஆன்ஹோல்ட் தீவில் தொடங்கி இரண்டாம் முறை வந்தது. ஏறத்தாழ 30,000 கடல்நாய்கள் மாண்டன.

நோய்க்குப் பி.சி.பி.யா காரணம்? அப்போது பலர் அப்படித்தான் எழுதினர். டச்சு விஞ்ஞானிகள் ரைண்டர்ஸின் முறையையே பின்பற்றி, 22 இளம் கடல்நாய்களை இரு குழுவாக்கி, ஒன்றுக்கு மாசுபட்ட பால்டிக் கடலின் ஹெர்ரிங் மீனும் மற்றதற்கு அட்லாண்டிக் ஹெர்ரிங் மீனும் கொடுத்து வளர்த்தார்கள். பால்டிக் மீன் தின்றவற்றின் இரத்த வெள்ளணுக்களின் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியதை 1990களில் வெளியிட்டார்கள். ஆகவே நஞ்சு உடலின் காவலைத் தளர்த்துகிறது என்பது மெய். ஆனால் நஞ்சே கொள்ளைநோயை விளைத்தது என்று கூறுவது வரம்பு மீறிய பேச்சு என்பது என் கருத்து. 2002க்குள் பி.சி.பி.யின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தும் நோய் அதே வேகத்தில் பரவிற்று. பதினான்கு ஆண்டுகளில் பழைய நோயைக் கண்டு பிழைத்தவை சிலவாகவும், அதை அறியாத இளையவை பலவாகவும் ஆகிவிட்ட கூட்டத்தில் புதிதாக வைரஸ் புகுந்தால், நஞ்சு இல்லாமலேயே அது அவ்வாறு பரவக்கூடும். நமக்குப் பிடிக்காத பொருள் என்பதற்காக எல்லாப் பழியையும் அதன்மேல் போடலாகாது. பழி உண்மையாக இருக்கும் இடத்தில் அதன் வலிமை குறைந்துவிடும்.

சட்டங்கள் மெல்ல வந்தன. அமெரிக்கா 1979இல் பி.சி.பி. உற்பத்தியைத் தடுத்தது. வாடன் கடலின் மூன்று நாடுகளும் கடல்நாய்களைக் காக்க 1990இல் ஓர் உடன்படிக்கை செய்தன. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் உலக அளவில் இத்தகைய நஞ்சுகளை ஒழிக்க முனைந்தது. இந்தியா 2006இல் அதை ஏற்று உறுதி செய்தது. நம் நாட்டிலும் பழைய டிரான்ஸ்பார்மர்களின் எண்ணெய் இதனால் கணக்கில் வந்தது.

இரு கொள்ளைநோய்களுக்குப் பிறகும் கடல்நாய்கள் மீண்டன. ஆகஸ்டு மாதம் அவை பழைய மயிர் உதிர்த்துப் புதுமயிர் வளர்க்கும் காலம். தோலுக்கு வெப்பம் வேண்டியிருப்பதால் மற்ற நாட்களைவிட நெடுநேரம் மணல்திட்டில் கிடக்கும். அப்போது மூன்று நாடுகளும் நீர் வற்றும் வேளை பார்த்துச் சிறு விமானங்களை அனுப்பி, திட்டுகளைப் படமெடுத்து எண்ணுகின்றன. அந்நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு அளவு நீருக்குள் இருக்கும் என்பதால், எண்ணியது முழுத்தொகை அன்று. 1970களின் நடுவில் வாடன் கடல் முழுவதிலும் 4,000க்கும் குறைவாக எண்ணிய இடத்தில், 2020இல் ஏறத்தாழ 28,000 எண்ணினார்கள். அதன் பின் வந்த சில ஆண்டுகளில் தொகை மீண்டும் இறங்கியிருக்கிறது. இம்முறை குட்டிகள் பிறப்பது அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே 1970களின் கதையே திரும்புகிறது என்று சொல்ல முடியாது. பிறந்தவை எங்கே போகின்றன, மீன் குறைந்ததா, சாம்பல்நிறக் கடல்நாயின் போட்டியா, படகுகளின் தொல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஜூன் மாதம் குட்டிகளையும் ஆகஸ்டில் எல்லாவற்றையுமாக, எண்ணிக்கை ஆண்டுதோறும் தொடர்கிறது.